நீங்கள் எப்படிப்பட்ட ஆள்? ஆளுமையை உளவியல் எப்படி அளக்கிறது... வேலைக்கு முன் வரும் அந்த டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்?

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கும் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கினால், ஆப்டிடியூட், கோடிங் தேர்வுகளோடு சில கம்பெனிகள் இன்னொரு லிங்க்கையும் அனுப்புகின்றன. உள்ளே போனால் கணக்கு இல்லை, புரோகிராம் இல்லை. ‘புதிய மனிதர்களிடம் பேச எனக்குத் தயக்கம் இல்லை’, ‘எடுத்த வேலையை முடிக்காமல் எழ மாட்டேன்’, ‘சின்ன விஷயத்துக்கும் டென்ஷன் ஆகிவிடுவேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள். ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘சுத்தமாக இல்லை’ வரை ஏதாவது ஒன்றை டிக் செய்ய வேண்டும். மேலே, ‘இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை’ என்று ஒரு குறிப்பு வேறு இருக்கும்.

சரி, தவறு இல்லை என்றால் பிறகு எதை வைத்து ஆளை வடிகட்டுகிறார்கள்? ஒரு மனிதரின் குணத்துக்கு மார்க் போட முடியுமா? தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒருவரை இந்த இங்கிலீஷ் கேள்விகள் சரியாக அளக்குமா? முதல் வேலையே இதில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆளுமை என்றால் ‘பர்சனாலிட்டி’யா?

நம்ம ஊரில் ‘பர்சனாலிட்டி’ என்றால் உயரம், உடை, நடை. ‘ஆள் நல்ல பர்சனாலிட்டி’ என்றால் பார்க்க கம்பீரமாக இருக்கிறார் என்று அர்த்தம். ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ வகுப்பு என்றால் சட்டையை இன் பண்ணுவதும், கை குலுக்குவதும், நாலு வரி இங்கிலீஷ் பேசுவதும். எழுத்துத் தமிழில் ‘ஆளுமை’ இன்னும் பெரிய இடத்தில் இருக்கிறது. ‘இலக்கிய ஆளுமை’, ‘அரசியல் ஆளுமை’ என்று பெரிய மனிதர்களுக்கு மட்டுமே அதைக் கொடுக்கிறோம்.

உளவியலில் இந்த இரண்டுமே கிடையாது. அங்கே ஆளுமை எல்லோருக்கும் உண்டு. ஒருவர் வழக்கமாக எப்படி யோசிக்கிறார், எப்படி உணர்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாணி இருக்கும். மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் அந்தப் பாணிதான் ஆளுமை. ‘பர்சனாலிட்டி’ என்ற சொல்லே, லத்தீன் மொழியில் நாடக நடிகர்கள் போட்டுக்கொள்ளும் முகமூடியைக் குறிக்கும் ‘பெர்சோனா’விலிருந்து வந்தது. உளவியலோ முகமூடிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்தே தேடுகிறது.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரியோடு கிளம்பும் ஒரு டிரைவர், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, காலையில் டீ தருகிறவரிடம் எரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அந்த நேரத்து மனநிலை. நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும், வீட்டிலும், கோயில் திருவிழாவிலும், வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் என்றால் அது குணம். ஒரு நாளை வைத்து ஆளுமையைச் சொல்ல முடியாது. பல நாள், பல இடம் பார்க்க வேண்டும். ஆளுமையை அளப்பதில் இருக்கும் தலைவலியே அதுதான்: பல வருஷப் பழக்கத்தில் தெரிய வேண்டியதை இருபது நிமிஷத்தில் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

அகராதியில் தொடங்கிய தேடல்

எதை அளப்பது என்று முடிவு செய்ய உளவியலாளர்கள் பிடித்த வழி சுவாரஸ்யமானது. அகராதியைத் திறந்தார்கள்.

அதன் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. மனிதர்களுக்கு இடையிலான முக்கியமான வேறுபாடு எதுவாக இருந்தாலும், அதற்கு மக்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருப்பார்கள். நம்ம ஊர் டீக்கடையிலேயே பாருங்கள்: கறார், வெள்ளந்தி, சிடுமூஞ்சி, அழுத்தக்காரன், ஓட்டைவாய், முசுடு, கலகலப்பு, பொறுமைசாலி, தங்கமான மனுஷன். பெண் பார்க்கப் போகும் முன் விசாரிப்பதும், கடன் கொடுக்கும் முன் விசாரிப்பதும் இந்தச் சொற்களில்தான். ஒவ்வொன்றும் தலைமுறைகளாக ஆட்களை எடைபோட்டுத் தேறிய ஒரு அளவுகோல்.

பிரிட்டனின் பிரான்சிஸ் கால்டன் 1884-லேயே இப்படி அகராதியைப் புரட்டிக் குணச் சொற்களை எண்ணிப் பார்த்தார். 1936-ல் அமெரிக்காவின் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து மனிதர்களை விவரிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அதில் நிலையான குணத்தைக் குறிப்பவை என்று தேறியது சுமார் 4,500.

இத்தனையையும் வைத்து யாரையும் அளக்க முடியாது. அதனால் அடுத்த வேலை, ஒரே மாதிரி சொற்களைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பது. ‘கலகலப்பானவர்’ என்று பெயர் வாங்கியவர் பெரும்பாலும் ‘பேச்சுக்காரர்’ என்றும் பெயர் வாங்குகிறார் என்றால், இரண்டும் ஒரே கட்டு. இந்தப் புள்ளியியல் முறையைப் பயன்படுத்தி ரேமண்ட் கேட்டல் 16 காரணிகளுக்கு வந்தார். 1961-ல் அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்த எர்னஸ்ட் ட்யூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் இருவரும் பல தரவுகளில் திரும்பத் திரும்ப ஐந்து கட்டுகள் வருவதைப் பார்த்தார்கள். பின்னர் லூயிஸ் கோல்ட்பெர்க் அதற்கு ‘பிக் ஃபைவ்’ என்று பெயர் வைத்தார். இன்று ஆராய்ச்சியில் அதிகம் பயன்படுவது இதுதான்.

அந்த ஐந்து என்னென்ன?

• புதுமை நாட்டம்: புதுசாக ஒன்றைத் தெரிந்துகொள்ளவும், கற்பனை செய்யவும், வழக்கத்தை மாற்றிப் பார்க்கவும் இருக்கும் ஆர்வம்.

• பொறுப்புணர்வு: திட்டமிடுதல், ஒழுங்கு, எடுத்ததை முடித்தல். இளம்பிள்ளையில் சொன்ன தேதிக்குச் சேலையை நெய்து கொடுத்துவிடும் தறிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

• வெளிமுகத் தன்மை: கூட்டம், பேச்சு, சுறுசுறுப்பு ஆகியவற்றிலிருந்து உற்சாகம் பெறுவது. இது குறைவாக இருப்பது கூச்சம் ஆகாது. தனிமை பிடிக்கிறது, அவ்வளவுதான்.

• இணக்கம்: அடுத்தவரை நம்புவது, விட்டுக்கொடுப்பது, இரக்கம். லாரி வாடகை பேசும் இடத்தில் இது ரொம்ப அதிகமாக இருந்தால் நஷ்டம்தான்.

• மனத் தளும்பல்: கவலை, பதற்றம், கோபம் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது.

இவை ஐந்து பெட்டிகள் இல்லை, ஐந்து அளவுகோல்கள். உயரம் மாதிரி. ‘உயரமானவர்’, ‘குள்ளமானவர்’ என்று உலகத்தை இரண்டாகப் பிரிக்க முடியாது. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருப்பார்கள். குணமும் அப்படித்தான்.

கேள்வித்தாளுக்குள் என்ன நடக்கிறது?

ஆளுமைக் கேள்வித்தாள் முதலில் வந்தது கம்பெனிக்காக இல்லை, போருக்காக. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்த வீரர்கள் ஏராளம். அப்படி உடையக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிய, அமெரிக்காவில் ராபர்ட் வுட்வொர்த் 116 ஆம்-இல்லை கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும் முன் போர் முடிந்துவிட்டது. படிவம் மட்டும் தங்கிவிட்டது. பின்னால் வந்த கேள்வித்தாள்களுக்கெல்லாம் அது முன்னோடி.

இன்றைய டெஸ்ட்டில் ஒரே குணத்தைப் பல கேள்விகள் சுற்றிச் சுற்றிக் கேட்கும். ‘என் மேசை எப்போதும் ஒழுங்காக இருக்கும்’ என்று 4-வது கேள்வியில் வரும். ‘பொருட்களை வைத்த இடம் எனக்கு மறந்துவிடும்’ என்று 37-வதில் தலைகீழாக வரும். இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால், நீங்கள் படிக்காமல் டிக் அடிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

கடைசியில் வரும் மதிப்பெண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. 50-க்கு 38 என்றால் நல்லதா, கெட்டதா? இதே டெஸ்ட்டை எழுதிய ஒரு பெரிய கூட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் ‘நூற்றில் 70 பேரைவிட அதிகம்’ என்று சொல்கிறார்கள். அந்தக் கூட்டம் யார் என்பது இங்கே பெரிய கேள்வி. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோடு ஒப்பிட்டு ராசிபுரத்துப் பையனுக்கு மார்க் போட்டால், அந்த எண் எதைச் சொல்கிறது?

முட்டையை எடை போடுவது போல

ஒரு டெஸ்ட் நல்லதா என்று பார்க்க உளவியலில் இரண்டு கேள்விகள் உண்டு. நாமக்கல்காரர்களுக்கு இதை முட்டையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரே முட்டையைத் தராசில் மூன்று முறை வைத்தால் மூன்று முறையும் 55 கிராம் காட்ட வேண்டும். காலையில் 55, மதியம் 48, சாயங்காலம் 61 என்றால் அந்தத் தராசைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இது நம்பகம். இரண்டாவது: தராசு எடையைத் துல்லியமாகச் சொல்கிறது, சரி. ஆனால் வாங்க வந்தவர், ‘முட்டை கெட்டுப்போயிருக்கா?’ என்று கேட்டால்? அதற்கு அந்தத் தராசு உதவாது. கேட்ட கேள்விக்கான விடையைத்தான் கருவி அளக்கிறதா என்பது செல்லுபடித் தன்மை.

இந்த இரண்டு சோதனையிலும் தடுமாறும் ஒன்று, இன்ஸ்டா பயோக்களில் நீங்கள் தினமும் பார்க்கும் ‘ஐ.என்.எஃப்.பி’, ‘இ.என்.டி.ஜே’ எழுத்துகள். மயர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட். கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து, கேதரின் பிரிக்ஸும் அவரது மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது. இருவரும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இசபெல் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். இந்த டெஸ்ட் மனிதர்களை 16 பெட்டிகளில் போடுகிறது. நடுவில் இருப்பவருக்கு ஒரே ஒரு பதில் மாறினாலும் பெட்டி மாறிவிடும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு எழுத்துகள் வருவது சகஜம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

பிறகு ஏன் ‘அப்படியே என்னைப் பத்தி எழுதியிருக்கு’ என்று தோன்றுகிறது? 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளாளுக்குத் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுத்த வரிகள். ‘வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குச் சில கவலைகள் உண்டு’ மாதிரியான வாசகம் யாருக்குத்தான் பொருந்தாது? கிளி எடுத்த சீட்டு சரியாக இருப்பதும் இதனால்தான்.

இந்தியாவில் 80 ஆண்டாக நடக்கும் சோதனை

குணத்தை அளந்து வேலை கொடுப்பது இந்தியாவுக்கு ஐ.டி. கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் இல்லை. ராணுவத்தில் அது 1943-லிருந்து இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, சின்ன இன்டர்வியூவை நம்பி அதிகாரிகளை எடுப்பது சரிவரவில்லை என்று உணர்ந்த பிரிட்டன், 1942-ல் உளவியலாளர்களைச் சேர்த்துத் தேர்வு வாரியங்களை அமைத்தது. அடுத்த ஆண்டே டேராடூனில் சோதனை முறையில் ஒரு வாரியம் வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய எஸ்.எஸ்.பி. அதற்கான ஆராய்ச்சியைச் செய்யும் டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆய்வு நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்தவர்களுக்கும், என்.டி.ஏ. எழுதியவர்களுக்கும் இந்தப் பெயர் நன்றாகவே தெரியும்.

ஐந்து நாள் நடக்கும் இந்தத் தேர்வில் ஒரு நாள் முழுக்க உளவியல். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிஷத்தில் அதைப் பற்றிக் கதை எழுத வேண்டும். இப்படி 11 படங்கள். 12-வது வெறும் வெள்ளை, கதை முழுக்க உங்களுடையது. பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனதில் வருவதை எழுத வேண்டும். அடுத்து 60 சூழ்நிலைகள், 30 நிமிஷம். படக்கதை முறை, 1930-களில் ஹார்வர்டில் ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மோர்கனும் உருவாக்கியது. தெளிவில்லாத படத்தைப் பார்க்கும்போது மனிதர்கள் தங்கள் மனதையே அதில் ஏற்றிச் சொல்வார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை.

இந்த முறைக்கு விமர்சனமும் உண்டு. ஒரே கதையை இரண்டு நிபுணர்கள் படித்தால் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். கோச்சிங் சென்டர்கள் ‘நல்ல கதை’ எழுதப் பழக்கிவிடுகின்றன. ஆனால் எஸ்.எஸ்.பி.யின் அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உளவியலாளர், மைதானத்தில் குழுப் பணிகளைப் பார்ப்பவர், நேர்காணல் செய்பவர் என மூவர், ஒருவரை ஒருவர் கலக்காமல் 15 குணங்களை மதிப்பிடுகிறார்கள். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கடைசியில்தான் சேர்ந்து பார்க்கிறார்கள். ஒரு கருவி தப்பாகப் போனாலும் இன்னொன்று பிடித்துவிடும். லிங்க் அனுப்பி இருபது நிமிஷத்தில் ஆளை முடிவு செய்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் இன்டர்வியூவின் அதிகாரபூர்வப் பெயர் ‘பர்சனாலிட்டி டெஸ்ட்’. மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் அதற்கு 275. ஆனால் அது ஒரு குழு உங்களோடு உரையாடிப் போடும் மதிப்பெண். உளவியல் கேள்வித்தாள் எதுவும் அதில் கிடையாது.

நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

ஆராய்ச்சியாளர்களையே யோசிக்க வைத்த கேள்வி இது. 2013-ல் மைக்கேல் கர்வெனின் குழு, பொலிவியாவில் வேட்டையும் விவசாயமுமாக வாழும் சிமானே மக்களிடம் பிக் ஃபைவ் கேள்விகளைக் கேட்டது. ஐந்து கட்டுகள் அங்கே சரியாகக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜிதேந்திர சிங், கிரீஷ்வர் மிஸ்ரா, பூலே டி ராட் மூவரும் இந்தி மொழியின் குணச் சொற்களை வைத்துச் செய்த ஆய்வில், நாம் காலம்காலமாகக் கேள்விப்படும் சத்துவம், ரஜஸ், தமஸ் என்ற முக்குணங்களை ஒத்த மூன்று கட்டுகள் தெரிந்தன.

2019-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள 23 நாடுகளில் 94,751 பேரிடம் நேரில் போய்க் கேட்ட தரவுகளைப் பார்த்தார்கள். ஒரே குணத்தைக் கேட்கும் கேள்விகளே ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. ஒரு முக்கியக் காரணம், எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லும் பழக்கம். இது நமக்குப் புதிதா என்ன? படித்த பிள்ளை ஒருவர் பேப்பரோடு வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால், ‘ஆமாங்க சாமி, அப்படித்தானுங்க’ என்பது இந்தப் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையைக் கருவி குணமாகப் பதிவு செய்துவிடுகிறது.

மொழியும் அப்படித்தான். ‘நான் பார்ட்டிகளில் நிறையப் பேரிடம் பேசுவேன்’ என்ற கேள்வி, பார்ட்டிக்கே போகாத, ஆனால் ஊர்த் திருவிழாவில் பந்தல் முதல் அன்னதானம் வரை தனியாக நின்று நடத்தும் ஒருவரை எப்படி அளக்கும்? இங்கிலீஷ் வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் பலரும் ‘நடுவில்’ இருக்கும் பதிலை அழுத்திவிடுகிறார்கள். அங்கே அளக்கப்படுவது மொழித் தயக்கம். ரிப்போர்ட்டில் அச்சாவது ‘தன்னம்பிக்கை சராசரி’.

வேலையில் ஜொலிப்பாரா என்று சொல்லிவிடுமா?

கொஞ்சம் சொல்லும். 1991-ல் முர்ரே பாரிக்கும் மைக்கேல் மவுண்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்த வகை வேலையாக இருந்தாலும் ஓரளவு கை கொடுத்த குணம் பொறுப்புணர்வுதான். ஆனால் குணத்துக்கும் வேலைத் திறனுக்கும் இடையிலான தொடர்பு சுமார் 0.2. முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0.

0.2 என்றால் நடைமுறையில் என்ன? பொறுப்புணர்வில் சராசரிக்கு மேல் இருக்கும் 100 பேரை எடுத்தால், வேலையிலும் சராசரிக்கு மேல் இருப்பவர்கள் சுமார் 56 பேர். நாணயம் சுண்டினால் 50. ஆயிரக்கணக்கானவர்களை எடுக்கும் நிறுவனத்துக்கு அந்த 6 பேர் லாபம். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருக்கு, ‘நீ இந்த வேலைக்கு லாயக்கில்லை’ என்று சொல்லிவிட அந்த எண் போதாது.

நடித்துத் தப்பிக்கலாமா? முடியும், பலரும் செய்கிறார்கள். அதைப் பிடிக்கத்தான் ‘நான் வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை’ போன்ற கேள்விகளைச் செருகுகிறார்கள். அதற்கு ‘ஆமாம்’ என்றால் மற்ற பதில்கள் மீதும் சந்தேகம் வரும். தவிர, நடித்து வாங்கிய வேலையில் தினமும் நடிக்க வேண்டியிருக்கும்.

குணம் மாறுமா?

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மனிதர்களுக்கு இடையிலான குண வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணுவோடு தொடர்புள்ளது. மீதியில் வாழ்க்கை பேசுகிறது. ப்ரென்ட் ராபர்ட்ஸ் குழு 2006-ல் 92 ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் பொதுவாகப் பொறுப்புணர்வு கூடுவதும், மனத் தளும்பல் குறைவதும் தெரிந்தது. அதாவது 21 வயதில் எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட், அந்த வயதில் எடுத்த போட்டோ. ஆதார் கார்டு போட்டோ மாதிரி, பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரலாம்.

லிங்க் வந்தால் என்ன செய்யலாம்?

1. எந்த டெஸ்ட், எதற்காக என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பதிலில் 16 பெட்டி வகை டெஸ்ட் வந்தால், அது ஆள் எடுக்க உருவானது இல்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

2. தமிழில் எழுத வாய்ப்பு உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், நேரக் கட்டுப்பாடு இல்லாத டெஸ்ட்டில் புரியாத வாக்கியத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

3. ‘அந்த வேலைக்கு எப்படிப்பட்டவர் வேண்டுமோ’ என்று யோசித்து எழுதாமல், கடந்த ஒரு வருஷத்தில் நீங்கள் பெரும்பாலும் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று யோசித்து எழுதுங்கள்.

4. முன்கூட்டியே பழகிப் பார்க்க ஆசை என்றால், கோல்ட்பெர்க் தொடங்கிய ஐ.பி.ஐ.பி. கேள்வித் தொகுப்பு பொதுச் சொத்து. அதை வைத்து உருவான இலவச டெஸ்ட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ‘முழு ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டு’ என்பவற்றைத் தவிர்க்கலாம்.

5. டெஸ்ட்டைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டால், அதை உங்கள் குணத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 56-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எடுத்த முடிவு அது. அடுத்த கம்பெனி வேறு தராசு வைத்திருக்கும்.